தேத்தண்ணியில் தே போனால்

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கைகளில் சனம் கூடுவதற்கு வழக்கமாக இரண்டு காரணங்கள்தாம் இருக்கும். ஒன்று கலியாணம், மற்றது கரண்ட் போவது. அந்த மாதம் மூன்றாவதாக ஒரு காரணம் வந்து சேர்ந்தது. எலி.

பகிடியில்லை, எலிதான். வெள்ளை எலி, சிவந்த கண், ரோசா நிற வால். அதைத் தரிசிப்பதற்காகக் காலி வீதியிலிருந்து தண்டவாளம் வரைக்கும் சனம் வரிசையில் நின்றது. குசினியில் எலியைக் கண்டால் கதிரைக்கு மேல் ஏறி நின்று கத்துகிற அதே சனம்தான். வத்தளையிலிருந்து வந்தவர்கள், தெமட்டகொடையிலிருந்து வந்தவர்கள், கனடாவிலிருந்து லீவில் வந்து "இதையும் ஒருக்காப் பாத்திட்டுப் போவம்" என்று நின்றவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள்.

"மனக்கவலையா? நித்திரையின்மையா? மருமகளா? இனி அஞ்சேல்! எலி சாட்சி! மேல்நாட்டு விஞ்ஞானிகள் திகைப்பு! ஸ்ரீலஸ்ரீ ஹரிதபானானந்த சுவாமிகள் அருளும் பச்சைத் தேயிலைத் தீர்த்தம்!" என்று மதிலுக்கு மதில் போஸ்டர். ஹரிதம் என்றால் பச்சை. பானம் என்றால் குடிக்கிற சாமான். ஆனந்தம் என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும், அது யாருக்கு என்பதுதான் தெரியாது. இந்தப் பெயரை முழுசாகச் சொல்லி முடிக்க ஒருவருக்கும் நாக்கு வளையாததால் சனம் சுருக்கமாகத் 'தேத்தண்ணிச் சாமி' என்றது. சாமி கோபிக்கவில்லை. கூப்பிடுகிற பெயர் எதுவானால் என்ன, தேயிலைப் பைக்கற் விலைப்பட்டால் சரி.

கௌரி அந்த வரிசையில் தானாக வந்து நிற்கவில்லை. கணவர் நாகேந்திரம் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நிறுத்தினார்.

கௌரி பெண்கள் பாடசாலை ஒன்றில் தலை நரைக்கும் வரைக்கும் தமிழ் படிப்பித்தவள். ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் காலமை எழும்ப மனம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சமைக்கப் போனால் உப்புப் போத்தலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவாள். "உமக்கு என்ன குறை?" என்று ஊர் கேட்டது. குறை ஒன்றும் இல்லை, அதுதான் அவளுக்குக் கூடப் பயமாக இருந்தது. டொக்டரிடம் போனாள். அவர் குளிசை எழுதிக் கொடுத்தார், மாதம் ஒருமுறை வந்து கதைக்கவும் சொன்னார். மெல்ல மெல்ல மனம் வெளித்தது. மீன்காரனோடு விலைக்குச் சண்டை பிடித்தாள். தொலைக்காட்சியில் 'மழை'யை 'மலை' என்று வாசித்தவளைத் திட்டினாள். ஒருநாள் நாகேந்திரத்தையும் திட்டினாள், அவருக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது.

நாகேந்திரத்துக்குக் காது கொஞ்சம் மந்தம். காதுக் கருவி வாங்கச் சொன்னால், "எனக்கென்ன, எல்லாம் கேக்குது" என்பார். நல்ல சொல் ஆயிரம் சொன்னாலும் ஏறாத அந்தக் காதில் யாரோ ஒரு நாள் ஒரு சொல்லைப் போட்டார்கள். 'விசர்க் குளிசை', அதாவது பைத்தியத்துக்குப் போடுகிற மருந்து. அது மட்டும் நேராக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மனிசி விசர்க் குளிசை போடுகிறாள் என்று சனம் கதைக்கிறதே என்று அவருக்கு நித்திரை போயிற்று. கெட்ட மனிதர் அல்ல அவர், பயந்த மனிதர். பயந்த மனிதர்களை நம்பித்தானே சாமிமார் பிழைக்கிறார்கள்.

மண்டபம், கலியாண மண்டபம். முகூர்த்தம் இல்லாத மாதத்தில் சாமிக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். மணவறை இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கண்ணாடித் தொட்டிகள் இருந்தன. வலப்பக்கத் தொட்டிக்குப் பச்சைப் பட்டு. அது ஆனந்தத் தொட்டி. இடப்பக்கத் தொட்டியின் அரைவாசிக்குக் கறுப்புத் துணி சுற்றி, தண்ணீரின் மேல் பூவிதழ் தூவியிருந்தது. அது சனித் தொட்டி. நடுவே சாமி. பச்சை வேட்டி, பச்சைச் சால்வை, கழுத்தில் உருத்திராக்கம், உருத்திராக்கத்துக்கு மேல் ஸ்டெதஸ்கோப். எந்தப் பக்கத்தால் கும்பிடுகிறவனும் ஏமாந்து போகக்கூடாது என்று இரண்டையும் போட்டிருந்தார்.

"அன்பர்களே! மேல்நாட்டிலே எலியைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கிறார்கள். கவலையுள்ள எலி நீந்தாது. போனால் போகட்டும் என்று அசையாமல் கிடக்கும். பச்சைத் தேயிலை கொடுத்த எலியோ சளைக்காமல் நீந்தும்!" சாமி குரலைத் தாழ்த்தினார். "ஏன் எலி? ஏன் பூனையைப் பிடிக்கவில்லை? ஏன் மாட்டை நீந்த விடவில்லை? அவர்களுக்கே தெரியாது! நமக்குத் தெரியும். எலி யாருடைய வாகனம்?"

"பிள்ளையாற்ற!" மண்டபம் அதிர்ந்தது.

"அப்படியானால் தண்ணீரிலே நீந்துவது யார்?"

எலி, என்பதுதான் அதற்குப் பதில். ஆனால் சனம் "அரோகரா!" என்றது.

சாமி எலியை வாலில் தூக்கிச் சனித் தொட்டியில் விட்டார். அது பூவிதழ்களுக்கு இடையே கொஞ்சம் தத்தளித்தது, பிறகு ஓரிடத்தில் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. "பார்த்தீர்களா, சனி பிடித்துவிட்டது!" முன் வரிசையில் ஒரு அம்மா, "ஐயோ, என்ர மகளும் உப்பிடித்தான் ஒரு மூலையில இருக்கிறாள்" என்று விம்மினாள். சாமி எலியை எடுத்தார். பக்கத்தில் நின்ற தொண்டரிடம் "பச்சைத் தேத்தண்ணி!" என்று முழங்கினார். பித்தளைச் செம்பு வந்தது. பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கிற துளிக்குழாயால் எலியின் வாயில் இரண்டு சொட்டு விட்டு, இந்த முறை ஆனந்தத் தொட்டியில் போட்டார். எலி சுற்றிச் சுற்றி நீந்தியது பாருங்கள், மோட்டர் பூட்டிய வள்ளம் தோற்றுப்போகும். கைதட்டலில் மண்டபத்துப் புறாக்கள் எல்லாம் வெளியே பறந்தன.

கௌரி மட்டும் கைதட்டவில்லை. சனித் தொட்டியில் அந்த எலி இருந்த நேரம் அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். கணவரின் காதருகே குனிந்தாள்.

"இஞ்சேருங்கோ, அந்த எலி முகம் கழுவினது."

"ஓம், அழுததுதான். பாவம்."

"அழேல்லை. கழுவினது. ரெண்டு கையாலையும்."

"அதுதான் சொல்லுறன், கவலையெண்டால் அழும்தானே," என்று நாகேந்திரம் கண்ணைத் துடைத்தார்.

வாசலில் பெரிய தகர உண்டியல் ஒன்று. பணம் போடுகிறது அல்ல. 'குளிசை உண்டியல்' என்று எழுதியிருந்தது. "பச்சை தொட்ட நாவிலே குளிசை படக்கூடாது! பட்டால் தீர்த்தம் நஞ்சாகும்!" என்று சாமி உள்ளிருந்து எச்சரித்தார். சனம் கைப்பைகளைத் திறந்து பிரஷர் குளிசை, சுகர் குளிசை, நெஞ்சுக் குளிசை எல்லாவற்றையும் கொட்டியது. நாகேந்திரம் கௌரியின் பையைத் திறந்தார்.

"வேண்டாம்," என்றாள் கௌரி. "எனக்கு இப்ப சுகமாகிக்கொண்டு வருது. டொக்டர் இடையில நிப்பாட்டக் கூடாதெண்டவர்."

"ஒரு மண்டலம் மட்டும் பாப்பம். நீர் பழையபடி வந்தாக் காணும் எனக்கு."

குளிசை அட்டை தகரத்தில் விழுந்த சத்தம் அவளுக்கு நெஞ்சில் கேட்டது.

அன்றிலிருந்து காலையும் மத்தியானமும் இரவும் தீர்த்தம். வேப்பெண்ணெய்க்குத் தங்கச்சி மாதிரி ஒரு கைப்பு. போதாததற்கு, நித்திரை இல்லை என்று வந்தவர்களுக்கு இரவிலும் தேயிலை அவித்துக் கொடுக்கிற வைத்தியம் இது. கௌரி விடிய விடிய முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். தலைக்குள் ஒரு ரீங்காரம். ஒருநாள் குசினியில் நின்றவள் தன் கையைப் பார்த்தாள். கையில் உப்புப் போத்தல். எவ்வளவு நேரமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று தெரியவில்லை. அந்த இருட்டு திரும்பி வருகிறது என்று அவளுக்கு விளங்கியது. பயமாக இருந்தது. டொக்டரிடம் போவோம் என்று கேட்டாள். "மண்டலம் முடியட்டும்" என்றார் நாகேந்திரம். சண்டை பிடிக்கவும் ஒரு தெம்பு வேண்டுமே, அது அவளிடம் இல்லை.

எதிர்வீட்டு ஸமீமா வந்து கதவைத் தட்டினாள். கௌரியின் சிநேகிதி, புடைவைக் கடைக்காரர் மக்கீனின் மனைவி, எதையும் உரக்கச் சொல்லுகிறவள்.

"என்ன டீச்சர், மொகம் இப்பிடி வாடிப்போய் ஈக்கி?"

கௌரி சொன்னாள். ஸமீமா தலையில் கை வைத்தாள்.

"யா அல்லாஹ்! எங்கட பக்கத்திலயும் ஒரு ஆள் ஈக்காரு, தண்ணி ஓதி ஊதிக் குடுக்க. எங்கட மாமிக்கு முட்டுக்கால் வருத்தம், அவரு ஊதினாரு. மாமிக்கு அவர்ட தடிமல் தொத்தினதுதான் மிச்சம். ஆனா டீச்சர், இந்த எலி விசயம் மெய்யாலுமே ஈக்கி. போன்ல வந்தீக்கி, பாருங்க."

கௌரி போனை வாங்கி, அதில் இருந்த செய்தியை வாசித்தாள். பச்சைத் தேயிலையில் உள்ள ஒரு சேர்மம் எலிகளின் மனச்சோர்வைத் தணிக்க உதவக்கூடும். மனிதருக்கும் உதவுமா என்று இனிமேல்தான் ஆராயவேண்டும். மருந்து எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தக்கூடாது. எந்த எலிக்கு எதைக் கொடுத்தார்கள் என்பதைப் பார்த்து எழுதுகிறவருக்கே சொல்வதில்லையாம். சொன்னால் அவர் கண் தனக்கு விருப்பமானதைத்தான் பார்க்குமாம்.

அவளுக்குள் உறங்கிக்கிடந்த தமிழ் டீச்சர் அப்போதுதான் எழும்பி உட்கார்ந்தாள்.

"ஸமீமா, இதில 'உதவக்கூடும்' எண்டு இருக்கு. போஸ்டரில 'கூடும்' இல்லை. சாமி அந்த ஒரு சொல்லை வெட்டிப்போட்டார்."

உண்மைதான். மேல்நாட்டு விஞ்ஞானிகள் வருசக்கணக்காகப் பாடுபட்டு ஒரு 'கூடும்' வரைக்கும் வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். அந்தக் 'கூடும்' என்பதை நறுக்கி எறிந்ததுதான் சாமியின் ஒரே கண்டுபிடிப்பு.

இதற்கிடையில் நாகேந்திரத்துக்குப் பதவி உயர்வு. பக்தியை மெச்சிச் சாமி அவரைத் தீர்த்தத் தொண்டர் ஆக்கிவிட்டார். இடுப்பில் பச்சைத் துண்டு, கையில் பித்தளைச் செம்பு. சாமி "பச்சைத் தேத்தண்ணி!" என்றதும் பின்னால் போய்ப் பானையிலிருந்து மொண்டு வந்து நீட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. கிழவர் துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில்கூட இவ்வளவு நிமிர்ந்து நடந்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கூட்டம் முடிந்து கணவனும் மனைவியும் கடற்காற்றில் வீட்டுக்கு நடந்து வந்தார்கள். நாகேந்திரம் யோசனையோடு கேட்டார்.

"இண்டைக்கு ஏன் சாமி பச்சைத் தண்ணி கேட்டவர்?"

கௌரி நின்றாள். "என்ன கேட்டவர்?"

"பச்சைத் தண்ணி. அந்த நேரம் கோச்சியும் கூவிக்கொண்டு போச்சுது. ஆனா எனக்கு வடிவாக் கேட்டது, 'பச்சைத் தண்ணி' எண்டுதான் சொன்னவர். நான் போய்ப் பைப்பில பிடிச்சுக் கொண்டுவந்து குடுத்தனான்."

"பைப்புத் தண்ணியோ?"

"பின்னை? பச்சைத் தண்ணி எண்டால் பைப்புத் தண்ணிதானே."

அதில் பிழை சொல்ல முடியாது. எங்கள் சனத்துக்குச் சுடவைக்காத, ஒன்றும் போடாத வெறுந்தண்ணீர் எது? பச்சைத் தண்ணி. தண்டவாளத்தில் போன கோச்சி சாமியின் வாயிலிருந்து வந்த 'தேத்'தை மட்டும் விழுங்கிக்கொண்டு காலிப் பக்கம் போய்விட்டது. மிச்சம் நாகேந்திரத்தின் காதில் விழுந்தது.

"அப்ப எலி?" என்றாள் கௌரி.

"நீந்தினதுதானே. நீர் பாக்கேல்லையே? முந்தின நாளை விட நல்லா நீந்தினது. சாமிகூட, 'இன்று தீர்த்தம் வீரியம்' எண்டவர்." சொல்லிக்கொண்டே வந்தவர் வாயை மூடினார். தான் சொன்னது தனக்கே இப்போதுதான் கேட்டது போலிருந்தது.

கௌரி சிரித்தாள். முதலில் மெதுவாக, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தெருவிளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடலை விற்கிறவன் திரும்பிப் பார்த்தான். நாகேந்திரத்துக்கு அவமானமாகவும் இருந்தது, அவள் சிரிக்கிறாளே என்று ஆறுதலாகவும் இருந்தது.

"சாமி தொட்டபடியால் தண்ணியும் தீர்த்தமாகியிருக்கும்," என்று முணுமுணுத்தார்.

"அப்ப தேயிலை எதுக்கு?"

நாகேந்திரம் காதை விரலால் குடைந்துகொண்டே வீடு வரைக்கும் நடந்தார்.

வீட்டுக்கு வந்த கௌரி பாத்திரம் கழுவினாள். தண்ணீர் நிரம்பிய பேசினுக்குள் கையை விட்டபோது ஏதோ இடித்தது. எடுத்துப் பார்த்தால் கண்ணாடிக் கிளாஸ். தண்ணீருக்குள் கிடக்கும்போது அது கண்ணுக்குத் தெரியவே இல்லை. எத்தனையோ தரம் இப்படிக் கையை வெட்டியிருக்கிறாள். அவள் கிளாஸைத் திரும்பவும் தண்ணீருக்குள் அமிழ்த்தி, நிரம்பியதும் கவிழ்த்து வைத்தாள், மேலே கொஞ்சம் கறிவேப்பிலையைத் தூவினாள், குனிந்து பார்த்தாள். கிளாஸ் இல்லை! ஒரு எலி நிற்க வசதியான இடம் மட்டும் இருந்தது. நின்றால்தானே இரண்டு கையாலும் முகம் கழுவலாம்?

பௌர்ணமிப் போயா தினம் வந்தது. லீவு நாள், மண்டபம் பிதுங்கி வழிந்தது. புறப்படுமுன் கௌரி கணவரைக் கூப்பிட்டு இருத்தினாள்.

"இஞ்சேருங்கோ. ஒருக்காப் பிழையாத் தண்ணி பிடிச்சுக் குடுத்தீங்கள். இண்டைக்கு நான் கேக்கிறன், தெரிஞ்சுகொண்டு பிடிச்சுக் குடுங்கோ."

"ஐயோ கௌரி, பிள்ளையாரோட விளையாடக் கூடாது."

"பிள்ளையாரோட விளையாடுறது ஆர்? அவற்ற வாகனத்தைத் தண்ணிக்குள்ள தூக்கிப் போடுறது நானோ?" அவள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் திரும்பவும் அந்த இருட்டுக் கிடங்குக்குள்ள போறன். விளங்குதோ உங்களுக்கு? குளிசை எடுத்த நேரம் வெளியில வந்தனான். இப்ப திரும்பப் போறன். எனக்குப் பயமாக்கிடக்கு."

இதை அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் நாகேந்திரத்துக்கு ஒரு எழுத்துக்கூடத் தவறாமல் கேட்டது.

மண்டபத்தில் ஸமீமாவும் முன் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். "நான் சும்மா எலி பாக்கத்தான் வந்தேன்" என்று கேட்காதவர்களுக்கும் சொன்னாள். வழமைபோல எலிக்குச் சனி பிடித்தது. சனம் உச்சுக் கொட்டியது. "பச்சைத் தேத்தண்ணி!" என்றார் சாமி. அன்று கோச்சியும் வரவில்லை, ஒரு எழுத்தும் தொலையவில்லை. நாகேந்திரம் செம்பை நீட்டினார். சாமி சொட்டு விட்டார், எலி ஆனந்தத் தொட்டியில் விழுந்தது, பறந்து பறந்து நீந்தியது.

"கண்டீர்களா தேயிலையின் மகிமையை!"

கௌரி எழும்பினாள். குரல் வகுப்பறைக் குரல், கடைசி வாங்குப் பிள்ளை வரைக்கும் போகும்.

"சுவாமி, அந்தச் செம்பை ஒருக்கா நீங்களே குடிச்சுப் பாருங்கோ."

சாமி சிரித்துக்கொண்டே ஒரு வாய் குடித்தார். முகம் மாறியது.

"என்ன சுவாமி, கைக்கேல்லையோ? கைக்காது. அது பைப்பில பிடிச்ச பச்சைத் தண்ணி."

அவ்வளவுதான், சாமியின் கதை முடிந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். நீங்கள் எங்கள் சனத்தைப் பற்றி அறியாதவர்.

"தாயே!" சாமி இரண்டு கையையும் உயர்த்தினார். "எமது திருக்கரம் பட்டதால் வெறுந்தண்ணீரும் தேயிலையாக மாறிற்று! இதைவிடப் பெரிய அற்புதம் உண்டா?"

"அரோகரா!" என்றது சனம், முன்னைவிடப் பலமாக.

"அப்ப பைக்கற்றுக்கு ஏன் சாமி சல்லி எடுக்கிறீங்க?" ஸமீமா இருந்த இடத்திலிருந்தே கேட்டாள். "எங்கட வீட்டுப் பைப்பத் தொட்டுட்டுப் போங்களேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பொல்லாதது, தடிமலைவிட வேகமாகத் தொற்றும். சாமி அவசரமாகத் தொட்டியிலிருந்து எலியைத் தூக்கினார்.

"பொறுங்கோ சுவாமி," என்றாள் கௌரி. "தீர்த்தம் குடிச்ச எலிதானே? கவலை போன எலிதானே? அதை இப்ப சனித் தொட்டியில விடுங்கோ. அங்கயும் நீந்தோணும்."

"கூடாது! தீர்த்தம் தீண்டிய மூஷிகம் சனி நீரில் படலாகாது! சாஸ்திரம்!"

"எந்தச் சாஸ்திரம்? பாட்டைச் சொல்லுங்கோ, நான் பொருள் சொல்லுறன்."

அப்போது யாரும் எதிர்பாராத காரியம் ஒன்று நடந்தது. தீர்த்தத் தொண்டர் நாகேந்திரம் இடுப்பிலிருந்த பச்சைத் துண்டை உருவினார், சாமியின் கையிலிருந்த எலியை அந்தத் துண்டால் பொத்திப் பிடித்தார், "பிள்ளையாரே, பொறுத்துக்கொள்ளும்" என்று சொல்லிச் சனித் தொட்டியில் விட்டார்.

எலி ஒரு சுற்று நீந்தியது. பழகிய வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி நேராக நடுவுக்குப் போனது, ஏறி நின்றது, இரண்டு கையாலும் முகம் கழுவத் தொடங்கியது.

"ஐயையோ, தீர்த்தம் குடிச்சதுக்கும் கவலை வந்திட்டுது!" என்று முன்வரிசை அம்மா அலறினாள்.

கௌரி மேடையில் ஏறினாள்.

"ஏய் அம்மா! தொட்டியில கைய வைக்காத! கண்ணாடி ஒடஞ்சுரும்!" என்று கத்தினார் சாமி. சுத்தத் தமிழ் எங்கேயோ போய், கொட்டாஞ்சேனைத் தமிழ் குதித்து வந்தது. அவர் மறிக்கப் பாய்ந்ததில் கறுப்புத் துணிதான் அவிழ்ந்து விழுந்தது. தொட்டிக் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர், உரிக்க மறந்த ஸ்டிக்கர். 'முத்துக்குளம் கலர் மீன் கடை, கொட்டாஞ்சேனை.'

"அட, பச்சை உடுப்பில ஆளத் தெரியாமப் போச்சே, இவரு நம்மட மீன் கடை தயாளன்!" ஸமீமா கைதட்டினாள். "இவருக்கிட்ட வாங்கின மீன் எல்லாம் மறுநாளே செத்துப் போச்சு, அதுக்கும் சனியா சாமி?"

கௌரி பூவிதழ்களுக்குள் கையை விட்டுத் துழாவினாள். கவிழ்த்து வைத்த கண்ணாடிக் கிளாஸ் ஒன்று தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே வந்தது. நிற்க இடம் போன எலி தலைதெறிக்க நீந்தத் தொடங்கியது. ஆனந்தத் தொட்டியில் நீந்தியதே, அதே நீச்சல். அவள் மற்றக் கையால் எலியைத் தூக்கிச் சேலைத் தலைப்பில் பொதிந்தாள். அது நடுங்கிக்கொண்டிருந்தது.

"வடிவாப் பாருங்கோ," என்றாள். "சும்மா நிண்ட எலிக்குக் கவலை இல்லை. அதுக்குக் கால் ஊண்ட ஒரு இடம் கிடைச்சுது. நீந்தின எலிக்கு ஆனந்தமும் இல்லை. அது சாகப் பயந்து நீந்தினது. நீங்கள் எல்லாரும் அதுக்குக் கை தட்டினீங்கள்."

பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். கிளாஸை அவர் கையில் கொடுத்தாள். குரல் தாழ்ந்தது.

"எனக்கும் கால் ஊண்ட ஒண்டு இருந்தது. அதைத்தான் நீங்கள் உண்டியலில போட்டனீங்கள்."

நாகேந்திரம் அந்தக் கிளாஸைப் பார்த்தார். கண்ணீர் பொலபொலவென்று வந்தது. "நான் ஒரு மோடன் கௌரி," என்றார், மண்டபம் முழுக்கக் கேட்க.

சனத்துக்கு அப்போதுதான் உண்டியல் ஞாபகம் வந்தது. ஐயோ, அந்தக் காட்சியைச் சொல்லி மாளாது! பக்தி முழுவதும் தகரப் பெட்டியின் மேல் பாய்ந்தது. "அது என்ர சுகர்க் குளிசை!" "விடுமையா, அது பிரஷர்!" "வட்டமா வெள்ளையா இருந்தது, ஆராவது கண்டனீங்களோ?" எல்லாம் வட்டம், எல்லாம் வெள்ளை. உறை கிழிந்தவை ஒன்றாய்க் கலந்து எது நெஞ்சுக்கு, எது நீருக்கு என்று பிள்ளையாருக்கும் தெரியாத நிலை. "ஒண்டையும் வாயில போடாதேங்கோ! எல்லாரும் டொக்டரிட்டப் போய்ப் புதுசா எழுதுவியுங்கோ!" என்று கௌரி தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. கத்தும்போது அவளுக்கு உடம்பில் ஒரு சூடு ஏறியது, பழைய சூடு, மூன்றாம் பாடவேளைச் சூடு.

இந்த அமளியில் சாமி பின்கதவால் கழன்றுவிட்டார். கடற்கரை வீதியில் த்ரீவீலர்காரன் "கொஹெத சாமி?" என்று எங்கே போவதென்று சிங்களத்தில் கேட்டானாம். எந்தப் பக்கம் என்று கைகாட்டவும் தெரியாமல் சாமி இரண்டு பக்கமும் காட்டினாராம். கண்டவர்கள் சொன்னார்கள். கழுத்து ஸ்டெதஸ்கோப் மட்டும் வாசற்கதவில் மாட்டிக்கொண்டு அன்று பின்னேரம் வரைக்கும் ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் கௌரியும் நாகேந்திரமும் டொக்டரிடம் போனார்கள். நாகேந்திரம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். டொக்டர் சிரிக்கவில்லை, நல்ல மனிதர். மேசையைத் திறந்து எதையோ தேடுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. குளிசையைத் திரும்பத் தொடங்கும் முறையைச் சொன்னார். பச்சைத் தேயிலை பிடித்தால் குடிக்கலாம், காலையில் ஒரு கோப்பை, தேத்தண்ணியாக மட்டும் குடியுங்கள் என்றார். திரும்பி வரும் வழியில் நாகேந்திரம் தானாகவே காதுக் கருவி விற்கிற கடைக்கு முன் நின்றார்.

எலிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஸமீமா வீட்டில் கூண்டில் இருக்கிறது. தண்ணீரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மற்றபடி சந்தோசமாகத்தான் இருக்கக்கூடும். 'கூடும்' என்றுதான் சொல்கிறேன், கேட்டுப் பார்த்ததில்லை.

கௌரிக்கு உடனே ஒன்றும் வெளித்துவிடவில்லை. மெல்லத்தான் வெளித்தது. ஒருநாள் காலமை பால்கனியில் இருந்து பேப்பரில் எழுத்துப்பிழை பொறுக்கிக்கொண்டிருந்தாள். காதில் புதுக் கருவியோடு நாகேந்திரம் சந்தையிலிருந்து வேகமாக வந்தார்.

"இஞ்சேரும் கௌரி, காலி வீதி மதிலில புதுப் போஸ்டர். கோப்பிச் சித்தராம். முயல் சாட்சியாம். நான் போகேல்லை... சும்மா தூரத்தில நிண்டு ஒருக்கா..."

கௌரி தலை நிமிரவில்லை. "போயிட்டு வாங்கோ. போன இடத்தில கும்பிட முந்தித் தொட்டிக்குள்ள கையை விட்டுப் பாருங்கோ."

அவ்வளவுதான் சங்கதி. கும்பிடுவதற்கு இரண்டு கையும் வேண்டும் என்கிறீர்கள். வேண்டாம் என்று யார் சொன்னது? குவிப்பதற்கு முன்னால் ஒரு கையை நனைத்துத் துழாவிப் பாருங்கள். கிளாஸ் அகப்பட்டால் அதே கையால் வீட்டுக்குக் கொண்டுவந்து, கழுவி, நல்ல தேத்தண்ணி ஊற்றிக் குடியுங்கள்.